மாலதிக்குச் சீராக வந்த கம்ப்யூட்டர்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதிக்கொள்கிறாள். நடுநடுவே "இது வேணாம் ஆயா, உட்டுடு" என்கிறாள். வேண்டுமா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எழுது என்று சொல்லிவிட்டேன்.

சொல்லப்போவது என் பேரன் பெண்டாட்டி மாலதியைப் பற்றி. அவள் பெரிய ஆளில்லை. பேப்பரில் படம் வந்தவளில்லை. ஆனாலும் ஒரு காரியத்தை அவள் செய்த விதம் என் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். என் மகன் மணவாளன் ஆலை வேலைக்குப் போகிறவன். கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவான். அவன் பெண்டாட்டி புஷ்பவள்ளி அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். இவர்கள் பிள்ளை அன்பரசுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சுனாமி வந்ததற்கு மூன்றாம் வருஷம், அவனுக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் போனோம். பெண்ணின் அப்பா கொளஞ்சியப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். மாலதி காபித் தட்டோடு வந்து நின்றாள். ஆள் ரொம்பக் குள்ளம். புஷ்பவள்ளி என் காதில், "தட்டு பெருசா தெரியுது, பொண்ணு சிறுசா தெரியுது" என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் ஏதோ சொன்னார்கள்.

பெண் கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள், மேல்படிப்பைத் தபால் வழியாகப் படிக்கிறாள் என்றார் கொளஞ்சியப்பன். "பரீட்சை எல்லாம் எழுதிட்டா. பிராஜெக்ட்டுன்னு ஒன்னுதான் பாக்கி. அதை மட்டும் முடிக்க உட்டீங்கன்னா போதும்" என்றார். பிராஜெக்ட் என்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானாக ஒன்றை உண்டாக்கிக் காட்டுவதாம். கார்த்திகை பிறப்பதற்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ஒரு வருஷம் போய்விடும். அன்பரசு சரி என்றான். புஷ்பவள்ளி அரைமனதாகத் தலையாட்டினாள்.

சீர் என்ன வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மாலதியின் அம்மா துணி துவைக்கிற மெஷின் தருவதாகச் சொன்னாள். உள்ளேயிருந்து மாலதியின் குரல் வந்தது. "மெஷின் வேணாம்மா. கம்ப்யூட்டர் குடுங்க."

புஷ்பவள்ளிக்கு முகம் மாறியது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே வாய் திறந்து சீர் கேட்பதா என்று. நான் சிரித்தேன். எனக்கென்ன, நான் துவைக்கப் போகிறேனா?

அவள் ஏன் அப்படிப் பிடிவாதமாகக் கேட்டாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. காலேஜில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று நான்கு பெண்களாம். மணி அடித்து உள்ளே போவதற்குள் உயரமான பெண்கள் நாற்காலியைப் பிடித்துவிடுவார்களாம். இவள் பின்னால் நின்று, அவர்களுடைய தோளுக்கு நடுவே எட்டிப் பார்த்து, அடுத்தவள் விரல் போகிற இடத்தைப் பார்த்தே படித்திருக்கிறாள். "எனக்கு முன்னாடி யாரும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் வேணும் ஆயா, அவ்ளோதான்" என்றாள். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ரேஷன் கடையில் நின்றவளுக்குப் புரியாதா?

கொளஞ்சியப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே சிதம்பரத்தில் டேவிட் ராஜ் என்பவருடைய கடைக்குப் போயிருக்கிறார். "எந்த மாதிரி வேணும் சார்?" என்று டேவிட் ராஜ் கேட்க, "நல்லதா குடுங்க" என்றாராம். "எல்லாமே நல்லதுதான் சார். மெமரி எவ்ளோ வேணும், டிஸ்க் எவ்ளோ வேணும்?" என்றதும் இவர் மகள் முகத்தைப் பார்த்தாராம். மாலதி, எழுத்து தெரிகிற அந்த டி.வி. தட்டையாக வேண்டாம், முதுகு புடைத்ததே போதும், அதற்குப் பதில் உள்ளே இருப்பதைக் கூட்டிக் கொடுங்கள் என்று பேசி முடித்தாளாம். கம்பெனி பொட்டி இல்லை, பாகம் பாகமாக வாங்கி அங்கேயே பூட்டுவது. அது தெரிந்ததும் கொளஞ்சியப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. சைக்கிளும் அப்படித்தானே வருகிறது? ஸ்டூலைப் போட்டுக் கடையிலேயே உட்கார்ந்து, கடைசி ஸ்குரூ ஏறும்வரை பார்த்துவிட்டு, "அந்த மூலையில ஒன்னு லூசா இருக்குது பாருங்க தம்பி" என்று திரும்பவும் முறுக்கச் சொல்லி, ஓட்டிக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் எழுந்தாராம். அதனால் அந்தப் பொட்டியில் குறையே இருக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. தன் கையாலேயே பூட்டியதுபோல.

ஆவணியில் திருவந்திபுரம் கோயில் மலையில் கல்யாணம். முகூர்த்த நாள் என்பதால் அந்த மலையில் எங்கே திரும்பினாலும் மாப்பிள்ளை, எங்கே திரும்பினாலும் பெண். நம் பெண்ணை நாம் தவறாமல் கூட்டிக்கொண்டு வந்தாலே போதும் என்று இருந்தது. மத்தியானம் சீர் சாமான் குட்டி யானை வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கியது.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. சீராக வருகிற எதுவும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வாசல்படி ஏறக்கூடாது. ஏறியபின் திரும்பி இறங்கவும் கூடாது. உடைந்தாலும் ஓட்டை விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சீர் திரும்பிப் போனால் பெண்ணின் மனசும் அதோடு போய்விடும் என்று ஒரு பயம். நான் கொண்டுவந்த அடி ஓட்டையான வெண்கலப் பானை இன்னும் பரண்மேல் இருக்கிறது.

புஷ்பவள்ளி கடைச் சந்தனப் பொடியைத் தொடமாட்டாள். கட்டையைக் கல்லில் தேய்த்து, வெண்ணெய் மாதிரி கெட்டியாக எடுப்பாள். அதைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒவ்வொரு சாமானுக்கும் நெற்றி எது என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். பீரோவுக்குக் கண்ணாடிக்கு மேலே. மிக்ஸிக்கு மூடியில். கம்ப்யூட்டரை அட்டைப் பெட்டியோடு உள்ளே விடமாட்டேன், முகம் தெரிய வேண்டும் என்று பிரிக்கச் சொல்லி, அதற்கும் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். எல்லாம் உள்ளே வந்தன.

எங்கே வைப்பது என்று ஒரு தகராறு. கூடத்து ஜன்னல் ஓரம் என் கட்டில் கிடந்தது. அதை நகர்த்தச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். காற்று வருகிற ஒரே இடம் அது. கடைசியில் என் கால்மாட்டில் மேஜை போட்டு அங்கே வைத்தார்கள். அதனால்தான் நடந்தது எல்லாமே எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலதி மஞ்சள் கயிறு மினுங்க மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஈரத் துணியால் பொட்டியைத் துடைத்து, சந்தனக் கறை போக முகத்தைப் பளபளப்பாக்கினாள். பின்பக்கம் குடல் மாதிரி ஒயர்கள். ஊதாத் துளைக்கு ஊதா, பச்சைத் துளைக்குப் பச்சை என்று கலர் பார்த்துச் சொருகினாள். அன்பரசு பக்கத்தில் நின்று, "கரெக்டா தெரியுமா உனக்கு?" என்றான். "நீங்க பேசாம இருந்தாலே பாதி வேலை முடியும்" என்றாள். புதுப் பெண் பேசுகிற பேச்சா என்று புஷ்பவள்ளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

பட்டனை அழுத்தினாள். உஸ்ஸென்று காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, டி.வி.யில் வெள்ளை எழுத்து ஓடியது. மாலதி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். பொட்டி தானாகவே உயிர் பெற்றது. மூச்சு விட்டு மூச்சு இழுப்பதற்குள் மறுபடி செத்தது. அன்று முழுக்க இதே கதை. ஒயரைக் கழற்றி மாட்டினாள், வேறு பிளக்கில் சொருகினாள், சாமியைக் கும்பிட்டுவிட்டும் போட்டுப் பார்த்தாள்.

அப்புறம் ஆள் ஆளாக வர ஆரம்பித்தார்கள். லைன்மேன் ஒருத்தர் வோல்டேஜ் ஜாஸ்தி என்றார். அடுத்தவர் வோல்டேஜ் கம்மி என்றார். அன்பரசு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தான். அதைவிட யு.பி.எஸ்.தான் நல்லது என்றார்கள். அதையும் வாங்கி வந்தான். அது கரண்ட் போகிறபோதெல்லாம் பூனைக்குட்டி மாதிரி கத்தியதே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

டி.வி. ரிப்பேர்க் கடை கண்ணாயிரம் வந்தார். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி, பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். போட்டார். அணைந்தது.

"இது இங்க உக்காந்து பாக்குற வேல இல்லக்கா. ஒரு நாள் கடையில உட்டா பிரிச்சிப் பாத்துடுவேன்" என்றார்.

"சீர் சாமான் படி இறங்காது" என்றாள் புஷ்பவள்ளி.

"பஸ் ஸ்டாண்டாண்டதான்க்கா கடை. சாயங்காலம் திரும்பி வந்துடும்."

"எந்த ஸ்டாண்டா இருந்தா இன்னா? இறங்காதுன்னா இறங்காது."

கண்ணாயிரம் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தத் தகட்டையும் சரியாக மூடவில்லை.

மாலதி சிதம்பரத்துக் கடைக்குப் போன் போட்டாள். டேவிட் ராஜ், "எங்க கடையில ஓடுச்சேம்மா, உங்க அப்பாவே பாத்தாரே. கொண்டாங்க, பாத்துத் தரேன்" என்றார். எல்லாரும் கொண்டு வா என்கிறார்கள், வீட்டில் கொண்டுபோகாதே என்கிறார்கள். நடுவில் இவள்.

நாள் ஓடியது. மாலதி பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிட்டு வருவாள். அங்கேயும் பின்னால் ஆள் நின்றுகொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்று கேட்பார்களாம். வீட்டுக்கு வந்தால் புஷ்பவள்ளி விடமாட்டாள்.

"வூட்டுல பொட்டிய வச்சிகிட்டு வெளியில போய்த் தட்டுறது இந்த ஊர்லயே நம்ம வூடுதான். ஒங்கப்பா பாத்துப் பாத்து வாங்குனாராமே? சைக்கிள் கடைக்காரர் பாத்தா வேற எப்படி இருக்கும்? காத்து அடிச்சாதான் ஓடுமோ என்னமோ."

 மாலதி சாப்பிடுகிற தட்டில் கோலம் போடுவாள். ஆனால் அப்பனைச் சொன்ன அன்றைக்கெல்லாம் அவள் காது மடல் சிவந்திருக்கும். நான் கவனித்திருக்கிறேன்.

புஷ்பவள்ளி கெட்டவளில்லை. பிள்ளைக்கு வந்த சீரை அக்கம்பக்கத்துக்குக் காட்ட ஆசைப்பட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "எங்க, போட்டுக் காட்டு" என்றார்கள். அவளுக்கு அது அவமானமாகிவிட்டது. அந்த அவமானத்தை அவள் சிதம்பரத்துப் பக்கம் திருப்பிவிட்டாள்.

புரட்டாசியில் ஒருநாள் அவளே கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள். "சம்பந்தி, உங்க பொட்டி இன்னும் கண்ணத் தொறக்கல. வந்து பாருங்க. ஆனா ஒன்னு, எடுத்துகிட்டுப் போறதா இருந்தா படி இறங்குன பழச திரும்ப உள்ள ஏத்த மாட்டோம். புதுசா ஒன்னுதான் வரணும்."

அந்த மனுஷர் ஏற்கெனவே சக்திக்கு மீறிச் செய்தவர். ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைக்கு லீவு, டேவிட் ராஜைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாராம். மாலதி அதைக் கேட்டுவிட்டு என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். பொட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "எங்கப்பா வந்து இந்த வாசல்ல தலையத் தொங்கப் போட்டுகிட்டு நிக்கக் கூடாது ஆயா" என்றாள். பிராஜெக்ட் போனால் ஒரு வருஷம். அப்பன் மானம் போனால்? அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் உள்ள கருவி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்தோம். அரிவாள்மனை, சுத்தியல், புஷ்பவள்ளியின் தையல் மெஷின், அன்பரசின் வண்டி. மாலதியின் புத்தகங்கள் சாமி படத்துக்குக் கீழே. புஷ்பவள்ளி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே என் கால்மாட்டுக்கு வந்தாள். மேஜைமேல் மூடியிருந்த துணியை எடுத்தாள்.

"அதுதான் ஓடலையே அத்த, அதுக்கு எதுக்கு?" என்றாள் மாலதி.

"ஓடலன்னா? நொண்டி மாடா இருந்தாலும் பொங்கலுக்குப் பொட்டு வைக்கிறோம்ல?"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலில் உருண்டையாகச் சந்தனத்தை எடுத்து, பொட்டியின் முகத்தில் இருந்த வட்டப் பட்டன்மேல் வைத்து அழுத்தி, ஒரு திருகு திருகினாள். பட்டன் இருந்த பள்ளம் நிறைந்தது. சந்தனம் சுற்றிவரப் பிதுங்கியது. நடுவில் குங்குமம்.

மாலதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அத்த, கல்யாணத்தன்னிக்கும் இங்கதான் வச்சீங்களா?"

"பின்ன? மொகத்துல வட்டமா அது ஒன்னுதான இருக்குது, நெத்தி மாதிரி. வேற எங்க வைக்கிறது?"

மாலதி மேஜைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டனைப் பக்கவாட்டில் பார்த்தாள். கை நீட்டினாள்.

"தொடாத! பூஜையில இருக்குது. நாளைக்கிதான் எடுக்கணும்" என்றாள் புஷ்பவள்ளி.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு உபயோகிக்கக் கூடாது என்பது அவள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அன்று சுண்டல் தின்னும்போதும் சரி, விளக்குத் துடைக்கும்போதும் சரி, அவள் கண் அந்தப் பொட்டியை விட்டு அகலவில்லை. சந்தனம் ஓரத்தில் வெளுத்துக் காய்ந்துகொண்டே வந்தது.

மத்தியானம் புஷ்பவள்ளி கண் அசந்த நேரம். மாலதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, காலிங் பெல் அழுத்துறோம். வெரல எடுத்தா பட்டன் வெளிய வரணும்ல?"

"வரணும்."

"வராம உள்ளயே மாட்டிகிட்டா?"

"கத்திகிட்டே கெடக்கும். நம்ம எதிர் வூட்டுல ஒருநாள் அப்படித்தான் கத்துச்சு."

"இதுல அழுத்தி எடுத்தா ஓடும் ஆயா. எடுக்காம அழுத்திகிட்டே இருந்தா, 'உடனே நிறுத்து'ன்னு அர்த்தம். அது சொன்னபடி கேட்டுகிட்டுதான் இருந்திருக்குது. நாமதான் ரெண்டு மாசமா நிறுத்து நிறுத்துன்னு சொல்லிகிட்டே இருந்திருக்கோம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், "அடிப் பாவி, இவ்ளோ படிச்சவளுக்கு இது தெரியலையா?" என்றேன்.

அவள் வெட்கப்பட்டாள். "லேப்ல நாங்க உள்ள போறப்பவே எல்லாம் ஓடிகிட்டு இருக்கும் ஆயா. அட்டெண்டர் போட்டு வச்சிடுவாரு. சென்டர்லயும் அப்படித்தான். அங்க அந்தப் பட்டன நான் தொட்டதே இல்ல. எவ்ளோ உள்ள போகும், எவ்ளோ வெளிய வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் நின்று படித்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முதலில் தொடுகிற இடம் மட்டும் தெரியவில்லை. அதை யோசித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

"எழுப்புடி அவள. நான் சொல்றேன். ஒங்கப்பன என்ன பேச்சுப் பேசுனா! சந்தனத்தக் கொண்டுபோய்ப் பட்டன்ல அப்புனது யாருன்னு கேக்குறேன்" என்று எழுந்தேன்.

மாலதி என் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தாள். "சொன்னா ஒத்துக்க மாட்டாங்க ஆயா. என் சந்தனத்த கொற சொல்றியான்னுதான் வரும். நாளைக்கி வரைக்கும் வாய மூடிகிட்டு இரு."

"நாளைக்கி ஒங்கப்பன் வந்துடுவானே."

"முதல் பஸ்ஸுல வந்தாலும் பொழுது ஏறிடும். அதுக்குள்ள பாத்துக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் சின்ன விஷயமில்லை. வெற்றிலையை மாற்றி மாற்றிப் போட்டு அன்றைய பொழுதை ஓட்டினேன். "இன்னிக்கி என்ன அத்த, மௌன விரதமா?" என்று புஷ்பவள்ளி கேட்டாள். தலையை ஆட்டினேன், என் மகனைப் போல.

விடிந்ததும் பூஜையைக் கலைத்தார்கள். மாலதி தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். "அத்த, ஒரு நிமிஷம் வாங்களேன். இதை அழுத்துங்க."

"நான் எதுக்கு? ஷாக் அடிச்சா?"

"பிளக்கே போடல அத்த. பாருங்க."

புஷ்பவள்ளி ஒயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒரு விரலால் தொட்டாள். "ம். ஏற்கெனவே உள்ளதான இருக்குது."

"வெளிய வரணும் அத்த. உங்க மிக்ஸில நிறுத்துற பட்டன் டப்புனு மேல வருமே, அந்த மாதிரி."

புஷ்பவள்ளி விரலால் சுண்டிப் பார்த்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். மாலதி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. வெற்றிலை எச்சில் வாய் நிறைய இருந்தது, துப்பக்கூட எழுந்திருக்கவில்லை.

தாலிக் கொடியில் கோத்திருந்த ஊக்கை புஷ்பவள்ளி கழற்றினாள். பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் மெல்ல நெண்டினாள். மேலே நேற்று வைத்தது, பிசுபிசுவென்று வந்தது. அதற்குக் கீழே பழையது, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போய், பொடிப் பொடியாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவள் தேய்த்த சந்தனம் அவளுக்குத் தெரியாதா?

டக் என்று பட்டன் வெளியே வந்தது.

புஷ்பவள்ளி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். மாலதி பிளக்கைச் சொருகி, சுவர் ஸ்விட்சைப் போட்டாள். பொட்டி இந்தத் தடவை தானாக ஓடவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தது.

"நீங்களே போடுங்க அத்த."

புஷ்பவள்ளி சுடுகிற தோசைக்கல்லைத் தொடுவதுபோல் தொட்டு எடுத்தாள். காற்றாடி சுற்றியது. எழுத்து வந்தது. மூன்று பேரும் அது அணைவதற்காகக் காத்திருந்தோம். அவ்வளவு பழகிவிட்டது எங்களுக்கு. அணையவில்லை. கலர் கலராக ஏதோ வந்தது, ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது, பச்சைப் புல்லும் நீல வானமுமாக ஒரு படம் வந்து நின்றது. மாலதி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஈரத்தலைத் தண்ணீர்தான் என்று சொன்னாள்.

புஷ்பவள்ளி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மிக்ஸி ரொம்ப நேரம் ஓடியது. ஒரு சட்னிக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

இட்லி வேகும்போது வாசலில் கொளஞ்சியப்பன் குரல் கேட்டது. கூடவே தோளில் பையோடு டேவிட் ராஜ். கொளஞ்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார். தலை குனிந்துதான் இருந்தது. மாலதி நாற்காலியை விட்டு எழுந்தவள், எழுந்தபடியே நின்றாள். அப்பனிடம் ஓடிப்போய் அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். எனக்கு நாக்கு துடித்தது. நான் சொல்லிவிடட்டுமா என்று கட்டிலில் நிமிர்ந்தேன்.

அதற்குள் புஷ்பவள்ளி தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டாள்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பாத்துதான் வாங்குனேன். தம்பியக் கூட்டியாந்திருக்கேன். சரிவரலன்னா..." என்று கொளஞ்சியப்பன் ஆரம்பித்தார்.

"உள்ள வாங்க சம்பந்தி. பொட்டி ஓடுது."

"ஓடுதா?"

"உங்க பொட்டியில ஒரு கோளாறும் இல்ல." சொம்பை நீட்டினாள். கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க வூட்டு சந்தனம்தான் கொஞ்சம் கெட்டி."

கொளஞ்சியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தனத்துக்கும் இதற்கும் என்ன என்று விழித்தார். டேவிட் ராஜ் உள்ளே வந்து பட்டனைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த மஞ்சளைப் பார்த்தார், புஷ்பவள்ளியைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினார்.

"இருமாதீங்க தம்பி, சிரிச்சிடுங்க. அப்புறம் நெஞ்சு அடைச்சிக்கும்" என்றாள் புஷ்பவள்ளி. அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம். மாலதிதான் கடைசியாகச் சிரித்தாள்.

கொளஞ்சியப்பன் சிரித்து முடித்து, பொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேட்பதுபோல் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "சத்தம் சுத்தமா இருக்குது" என்றார். கண்ணாயிரம் சரியாக மூடாத தகட்டைப் பார்த்துவிட்டு, "எவன்டா இத லூசா உட்டது?" என்று டேவிட் ராஜிடம் ஸ்குரூடிரைவர் வாங்கித் தானே முறுக்கினார்.

மாலதி கார்த்திகைக்கு முன்னால் பிராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். அங்கேயும் ஒரு மெஷினுக்கு நாலு பிள்ளைகள்தானாம். பிள்ளைகள் வருவதற்குமுன் இவள் எதையும் போட்டு வைப்பதில்லை. கடைசியில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, பட்டனை அழுத்தச் சொல்வாளாம். "அழுத்து. வெரல எடு. வெளிய வருதா பாரு" என்பாளாம். ஹெட்மிஸ்ட்ரஸ், நேரம் வீணாகிறது என்றாராம். ஆகட்டும் என்றாளாம் இவள். பிடிவாதம் எங்கள் வீட்டுத் தண்ணீரில் இருக்கிறதோ என்னவோ.

தெரிந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் புஷ்பவள்ளி அன்று வாசலில் அந்த வார்த்தையைத் தானாகச் சொன்னாளே, நான் கத்தியிருந்தால் அது வந்திருக்காது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எழுதுகிறவள் தட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள், இன்றைக்கும் ஈரத்தலைதான் என்கிறாள். தட்டுடி என்கிறேன். அதே மேஜை, அதே பொட்டி, என் கால்மாட்டில். அதன் தலைமேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் அங்கேதான்.

அடுப்பங்கரையிலிருந்து புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"சந்தனத்தப் பத்திச் சொல்லிட்டீங்களா அத்த?"

"சொல்லிட்டேன்."

"கட்டையில தேச்சதுன்னு சொன்னீங்களா? கடைப் பொடின்னு நெனச்சிடப் போறாங்க."

அதையும் எழுது என்றேன்.